மழைத்தண்ணீர் குடிக்கலாமா? ஊருக்குத் தொட்டி கட்டிக் கொடுக்க நினைப்போருக்குச் சில வார்த்தைகள்



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஹூஸ்டன் மகாத்மா காந்தி மாவட்டத்தில் ஹில்கிராஃப்ட் சாலைக் கடையொன்றில் முருங்கைக்காயும் வெண்டிக்காயும் வாங்கிக்கொண்டு காசு கட்டும் வரிசையில் நின்றிருந்தோம். முன்னால் நின்ற தம்பி ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கிளிநொச்சிப் பக்கத்துப் பிள்ளை.

"அண்ணை, நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து ஊரில எங்கட பள்ளிக்கூடத்துக்கு மழைத்தண்ணித் தொட்டி ஒண்டு கட்டிக் குடுக்கப் போறம். அந்தத் தண்ணியைப் பிள்ளையள் குடிக்கலாமோ?"

நாங்கள் வாய் திறக்குமுன் பின்னால் நின்ற சென்னைச் சகோதரி கேட்டார்: "எங்க ஊர்ல எல்லா வீட்லயும் மழைநீர் சேகரிப்பு போட்டாச்சே டாக்டர். ஆனா அதை யாரும் குடிச்சுப் பார்த்ததில்லையே?"

இரண்டும் நல்ல கேள்விகள். வரிசையில் நின்றபடி பதில் சொல்லி முடிக்க முடியாது என்பதால் இந்த இதழின் மருத்துவப் பகுதியை அதற்கே ஒதுக்கிவிட்டோம். சுருக்கமான பதில் இதுதான்: குடிக்கலாம். ஆனால் தொட்டி கட்டுவது பாதி வேலைதான். அதைச் சுத்தமாக வைத்திருப்பது மீதிப் பாதி.

கிணறு இருக்கும்போது மழைத்தண்ணீர் எதற்கு?

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடும். குடாநாட்டுக்குத் தண்ணீர் தருவது நிலத்தடிச் சுண்ணாம்புக்கல். கடற்பஞ்சு போல மழையை உறிஞ்சி வைத்துக் கிணற்றில் ஊறவிடும். ஆனால் பஞ்சு நல்லதை மட்டும் உறிஞ்சுவதில்லை. தோட்டத்துக்குப் போடும் யூரியாவும், மலசலகூடக் குழியிலிருந்து கசிவதும் அதே வழியாகத்தான் கீழே இறங்குகின்றன. அதனால் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைட்ரேட் அளவு கூடியிருப்பதைப் பல காலமாக ஆய்வுகள் காட்டி வருகின்றன.

நைட்ரேட் என்ன செய்யும்? பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து பிள்ளையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் இதற்காகவே ஒரு லிட்டர் குடிநீரில் 50 மில்லிகிராம் நைட்ரேட் என்று எல்லை வைத்திருக்கிறது.

வவுனியா, அனுராதபுரம் பக்கம் போனால் பிரச்சினை வேறு. அங்கே கிணற்று நீரில் ஃபுளோரைடும் கடினத்தன்மையும் அதிகம். ஃபுளோரைடு கூடினால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். இன்னும் கூடினால் எலும்பையும் பாதிக்கும். 1990களிலிருந்து இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் அதை அண்டிய இடங்களிலும் விவசாயிகளை வாட்டும் சிறுநீரக நோயைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாதவர்களுக்கே அது வருகிறது. அதன் காரணம் இன்றுவரை முடிவாக நிறுவப்படவில்லை. குடிநீரில் உள்ள இரசாயனங்கள், விவசாய மருந்துகள், வெயிலில் வேலை செய்யும்போது உடல் நீர் வற்றுவது எனப் பலவற்றின் மேல் சந்தேகம் இருக்கிறது. கிழக்குக் கரையிலோ, 2004 டிசம்பர் சுனாமி பல கிணறுகளை உப்பாக்கிவிட்டுப் போனது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நைட்ரேட், ஃபுளோரைடு, உப்பு ஆகிய மூன்றும் கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். மழைத்தண்ணீரில் இவை அநேகமாக இல்லை. அதன் குறை வேறு. கூரையிலும் தொட்டியிலும் சேரும் கிருமிதான் அதன் குறை. கிருமியோ கொதித்தால் சாகும். அதாவது, இந்த ஊர்களில் கிணற்றுத் தண்ணீரின் குறை அடுப்பில் தீராது; மழைத்தண்ணீரின் குறை அடுப்பில் தீரும். மருத்துவர் என்ற முறையில் நாங்கள் மழைத்தொட்டியை ஆதரிப்பதற்கு முக்கிய காரணம் இதுதான்.

நிலத்தில் விடுவது வேறு, தொட்டியில் பிடிப்பது வேறு

சென்னைச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு, பழைய கட்டடம் புதிய கட்டடம் எல்லாவற்றுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அங்கே பெரும்பாலும் செய்தது, மொட்டை மாடித் தண்ணீரைக் குழாய் வழியே கிணற்றிலோ கல்லும் மணலும் நிரப்பிய குழியிலோ இறக்குவது. அது நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்தும் முறை. வீட்டுக் கிணறும் ஆழ்துளைக் கிணறும் பிழைத்திருக்க அது வேண்டும். ஆனால் அந்தக் குழியிலிருந்து நேராக எடுத்துக் குடிக்க முடியாது.

போட்டதைப் பராமரிக்க வேண்டும் என்ற பாடமும் அங்கேயே கிடைத்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் கிட்டத்தட்ட வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஐம்பது வேகன்களில் இருபத்தைந்து லட்சம் லிட்டர். குழாய் இருந்தும் குழி அடைத்துக்கொண்ட வீடுகள் அப்போது எத்தனையோ.

குடிப்பதற்கு என்றால் கூரைத் தண்ணீரை மூடிய தொட்டியில் பிடிக்க வேண்டும். இலங்கையில் 1995இல் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் சமூக நீர் வழங்கல் திட்டமொன்று இந்த முறையைப் பரப்பியது. பூசணிக்காய் வடிவத்தில், கம்பிவலைமேல் சீமெந்து பூசிக் கட்டும் 5000 லிட்டர் தொட்டி அப்போதுதான் பிரபலமானது. 1996இல் தொடங்கிய இலங்கை மழைநீர் சேகரிப்பு மன்றம் போருக்குப் பிறகு வடக்கிலும் வீடுகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் தொட்டிகள் அமைத்தது. உலகத்துக்கும் இது புதிதல்ல. ஆறோ ஏரியோ இல்லாத பெர்முடாத் தீவில் வீட்டுக் கூரையை வெள்ளையடித்து, அதில் விழும் தண்ணீரை வீட்டுக்கு அடியிலேயே தேக்கி, தலைமுறை தலைமுறையாகக் குடித்து வருகிறார்கள்.

எவ்வளவு தண்ணீர் கிடைக்கும்?

ஹூஸ்டன், யாழ்ப்பாணம், சென்னை மூன்றுக்கும் வானம் கொடுப்பது கிட்டத்தட்ட ஒரே அளவுதான். வருடத்துக்கு ஏறத்தாழ 1250 முதல் 1400 மில்லிமீட்டர். வித்தியாசம் என்னவென்றால், இங்கே வருடம் முழுவதும் பெய்கிறது. அங்கே பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. எனவே அங்கே தொட்டி என்பது மார்கழித் தண்ணீரை ஆவணிக்குக் கொண்டுபோகும் பாத்திரம்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் கூரையில் 1250 மில்லிமீட்டர் பெய்தால் 62,500 லிட்டர். சிந்தியதும் கழுவியதும் போக 50,000 லிட்டர் கிடைக்கும் என்று வையுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர் என்றால் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர். நிரம்பிய 5000 லிட்டர் தொட்டி 200 நாள் வரும். குளிக்கவும் தோய்க்கவும் வழமைபோலக் கிணறு இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு இதே தொட்டி போதாது. இருநூறு பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் குடித்தால் ஒரு நாளைக்கு 300 லிட்டர். 5000 லிட்டர் பதினாறு நாளில் முடிந்துவிடும். இந்தக் கணக்கைப் போடாமல் நாங்கள் பட்ட பாட்டைப் பின்னால் சொல்கிறோம்.

தண்ணீர் வந்தால் என்ன மாறும்?

முதலில் வீடு. தூரத்துக் குழாயிலிருந்து குடம் சுமப்பது பெரும்பாலும் தாயும் பெண்பிள்ளையும்தான். உலகமெங்கும் பெண்களும் சிறுமிகளும் தண்ணீர் எடுப்பதற்கே ஒரு நாளில் மொத்தம் 20 கோடி மணி நேரம் செலவிடுகிறார்கள் என்று யுனிசெஃப் 2016இல் கணக்குச் சொன்னது. தொட்டி வாசலில் இருந்தால் அந்த நேரம் படிப்புக்கும் ஓய்வுக்கும் திரும்பி வரும். கழுத்துவலி, முதுகுவலியும் குறையும்.

அடுத்தது பள்ளிக்கூடம். சவர்க்காரம் போட்டுக் கை கழுவினால் பிள்ளைகளின் வயிற்றோட்டம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். தண்ணீரே இல்லாத இடத்தில் சவர்க்காரத்தை வைத்து என்ன செய்வது? கழிப்பறையில் தண்ணீர் இல்லையென்றால் பெண்பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு இருப்பார்கள். மாதவிடாய் நாட்களில் வீட்டிலேயே நின்றுவிடுவார்கள். சிறுநீரை அடக்கினால் தொற்று வரும். தண்ணீர் குடிக்காவிட்டால் மலச்சிக்கல், தலைவலி, நாளடைவில் சிறுநீரகக் கல்.

இது ஊர்க்கதை மட்டுமல்ல. இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடமான பின்னும் பகலில் தண்ணீர் குடிக்காத அக்காமார், தங்கச்சிமார் எங்கள் கிளினிக்குக்கு வருகிறார்கள். திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று. ஏன் குடிப்பதில்லை என்று கேட்டால், "சின்னனிலயே பழகிப் போச்சு டொக்டர்" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பழகிய பழக்கம் கடல் கடந்தும் கூடவே வருகிறது. வாசகிகளில் யாருக்காவது இந்தப் பழக்கம் இருந்தால், இன்றே ஒரு போத்தல் தண்ணீரைப் பக்கத்தில் வையுங்கள்.

தொட்டியால் வரக்கூடிய நோய்கள்

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது நாங்கள் மருத்துவ மாணவர்கள். மழைக்காலம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினோம். ஒரே ஒரு கிணறு, நூற்றுக்கணக்கான சனம். இரண்டே நாளில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கிவிட்டது. சிலர் குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைத்தண்ணீர் சேர்த்தார்கள். தாய் ஒருத்தி கூரை ஓரத்தில் வாளி வைக்கப் போனபோது ஓர் ஆச்சி கையைப் பிடித்துத் தடுத்தார். "பொறு மோனை, முதல் தண்ணி கூரை கழுவுற தண்ணி. அதை விட்டிட்டுப் பிடி." அந்த ஆச்சி பள்ளிக்கூடம் போனாரோ தெரியாது. சொன்னது முழு மருத்துவம்.

கூரையில் பறவை எச்சம், அணில், எலி, சருகு, தூசி எல்லாம் இருக்கும். சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அங்கிருந்துதான் தொட்டிக்குள் வருகின்றன. ஆகவே செய்ய வேண்டியவை:

1. முதல் மழையை வெளியே விடுங்கள். ஒவ்வொரு மழையிலும் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், அதாவது 50 சதுர மீட்டர் கூரைக்கு 50 லிட்டர், தொட்டிக்குள் போகக்கூடாது. இதற்கென்று கீழே மூடியுடன் ஒரு தனிக் குழாய் இறக்கலாம். அது நிரம்பிய பிறகே தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும்.

2. கூரையைக் கவனியுங்கள். ஓடு, தகரம், சீமெந்துத் தளம் நல்லவை. ஈயம் கலந்த பெயின்ட் அடித்த கூரை கூடாது. மேலே தொங்கும் மரக்கிளைகளை வெட்டிவிடுங்கள். பீலியில் சேரும் சருகை மழைக்காலத்துக்கு முன் கட்டாயம் அள்ளுங்கள்.

3. வாசலில் வடிகட்டி, தொட்டிக்கு இறுக்கமான மூடி, வழிந்தோடும் குழாய்க்கு நுண்வலை. நாங்கள் நுளம்பு என்பதும் நீங்கள் கொசு என்பதும் ஒன்றுதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் நுளம்பு சுத்தமான தேங்கிய நீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை பறக்கத் தொடங்கிவிடும். 2017இல் இலங்கையில் 1 லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு கண்டது. மூடியில்லாத தொட்டி தண்ணீரையும் தரும், டெங்குவையும் தரும்.

4. தண்ணீரைக் குழாயால் எடுங்கள். வாளியோ கையோ உள்ளே போகக்கூடாது. குழாயை அடித்தளத்திலிருந்து சற்று உயர்த்தி வைத்தால் அடியில் படியும் மண்டி வராது. வருடத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன், தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள்.

5. குடிக்குமுன் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். பள்ளிக்கூடத்தில் அத்தனை தண்ணீரைக் கொதிக்க வைக்க முடியாது. அங்கே குளோரின் போடலாம். வாசனை சேர்க்காத, 5 முதல் 9 சதவீதக் குளோரின் திரவம் லிட்டருக்கு இரண்டு துளி. கலக்கி அரை மணி நேரம் விட்ட பிறகு குடிக்கலாம்.

மழைத்தண்ணீரில் சத்து இல்லையே என்று சிலர் கேட்கிறார்கள். கல்சியமும் மக்னீசியமும் நமக்குச் சாப்பாட்டிலிருந்தே பெரும்பாலும் கிடைக்கின்றன. ஃபுளோரைடு இல்லாததற்கு, பிள்ளைகள் ஃபுளோரைடு பற்பசையால் இரண்டு வேளை பல் துலக்கினால் போதும்.

நாங்கள் செய்த பிழை

சில வருடங்களுக்கு முன் நாங்களும் நண்பர்களும் காசு சேர்த்து வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு 5000 லிட்டர் தொட்டி கட்டிக் கொடுத்தோம். திறப்புவிழாப் படங்கள் வந்தன. மகிழ்ச்சியாக இருந்தது. மூன்று வருடம் கழித்து ஊருக்குப் போனபோது பார்க்கப் போனோம். கல்வெட்டில் எங்கள் பெயர்கள் பளிச்சென்று இருந்தன. பீலி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. மூடி உடைந்திருந்தது. எட்டிப் பார்த்தால் உள்ளே நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. குழாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள்.

அதிபர் குற்றம் சொல்லாமல் அமைதியாக விளக்கினார். தை மாதத்திலேயே தண்ணீர் முடிந்துவிடுமாம். பீலி கழன்றபோது திருத்தக் காசில்லை. பிள்ளைகள் குடித்துவிட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயத்தில் பூட்டியிருக்கிறார்கள். பிழை அவருடையதல்ல. கட்டுவதற்குக் கொடுத்தோம், கழுவுவதற்கும் திருத்துவதற்கும் ஒரு சதம் கொடுக்கவில்லை. எத்தனை பிள்ளைகள் என்றுகூடக் கேட்கவில்லை.

பிறகு செய்தது சின்ன வேலைதான். இன்னும் இரண்டு தொட்டிகள், உலோகப் பீலி, புது மூடி. அதைவிட முக்கியம், வருடா வருடம் ஒரு சிறு தொகை. ஒரு ஆசிரியர் பொறுப்பு. மேல்வகுப்பு மாணவர்கள் புரட்டாதியில் கழுவுவார்கள், மாதம் ஒருமுறை மூடியும் வலையும் பார்ப்பார்கள். பூட்டு போய்விட்டது.

காசு கொடுக்குமுன் கேளுங்கள்

- கிணற்று நீரைச் சோதித்தார்களா? இலங்கையில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களும், தமிழ்நாட்டில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களும் சோதிக்கின்றன. கிணறு நல்லதென்றால் தொட்டி வேண்டாம்; அந்தக் காசில் கிணற்றுக்கு மூடியும் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாயும் போடலாம்.
- எத்தனை பிள்ளைகள், எத்தனை நாள் வறட்சி, எவ்வளவு கூரை?
- தொட்டியைக் கழுவப் போவது யார்? அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் யார்?
- ஐந்து வருடப் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கியாயிற்றா?

இந்த நாலுக்கும் பதில் இல்லையென்றால் திறப்புவிழாவைத் தள்ளிப் போடுவதே நல்லது.

நமது வீட்டிலும்

ஹூஸ்டனில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்று நாம் இருந்துவிடுகிறோம். 2021 பிப்ரவரிக் குளிரில் குழாய்கள் வெடித்து, இங்கேயும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று நகரசபை அறிவித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2022 நவம்பரிலும் அதே அறிவிப்பு வந்தது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 600 கேலன் கிடைக்கும். வீட்டு உரிமையாளர் சங்கங்கள் மழைத்தொட்டியை அடியோடு தடை செய்ய டெக்சஸ் சட்டம் இடம் கொடுப்பதில்லை. எங்கே, எப்படி வைப்பது என்று மட்டும் அவர்கள் விதிக்கலாம். ஆனால் நமது வீடுகளில் பெரும்பாலும் தார் ஓட்டுக் கூரை என்பதால் அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைக்கும் மல்லிகைக்கும் ஊற்றுங்கள், குடிக்க வேண்டாம். மூடியும் வலையும் இங்கேயும் கட்டாயம்.

கிளிநொச்சித் தம்பிக்கு: குடிக்கலாம் தம்பி. ஆனால் கல்வெட்டுக்கு ஒதுக்கிய காசில் ஒரு நல்ல மூடி வாங்குங்கள். பெயர் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பார்கள்.

இங்கே சொன்னவை பொதுவான ஆலோசனைகள். சிறுநீரக நோய் உள்ளவர்களும், கைக்குழந்தை உள்ளவர்களும், ஊருக்குப் போகுமுன் தங்கள் மருத்துவரிடம் குடிநீர் பற்றி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.